ரத்தச் சர்க்கரை எவ்வளவு இருந்தால் இயல்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும் கண் நேராக எண்ணுக்குத்தான் போகும். 112 என்று போட்டிருக்கிறது. நல்லதா, கெட்டதா? ரத்தம் எப்போது எடுத்தது, விரல் நுனியிலா கை ரத்தக்குழாயிலா, யாருடையது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. கீழே உள்ள பெரும்பாலான கேள்விகள் இந்த இடத்தில்தான் வந்து நிற்கின்றன. எண்கள் எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் (மி.கி./டெ.லி.) என்ற கணக்கில் உள்ளன. வேறு அலகு வரும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எவ்வளவு இருந்தால் நார்மல்?

சரி. கர்ப்பமாக இல்லாத பெரியவர்களுக்கு, வெறும் வயிற்றில் 70 முதல் 99 வரை. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து 2 மணி நேரம் கழித்து எடுத்தால் 140-க்குக் கீழ். கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரை நிலவரத்தைக் காட்டும் எச்பிஏ1சி என்ற பரிசோதனையில் 5.7 சதவீதத்துக்குக் கீழ்.

வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், குளுக்கோஸ் குடித்த 2 மணி நேரத்தில் 200 அல்லது அதற்கு மேல், எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய். இரண்டுக்கும் நடுவில் இருப்பது, அதாவது வெறும் வயிற்றில் 100–125, குளுக்கோஸுக்குப் பின் 140–199, எச்பிஏ1சி 5.7–6.4, சர்க்கரை நோயின் முன்நிலை. மருத்துவர்கள் பிரீடயாபெட்டிஸ் என்று சொல்வது இதைத்தான்.

ஒரே எண் எடுக்கும் நேரத்தைப் பொறுத்து வேறு வேறு அர்த்தம் கொள்ளும். 130 காலையில் வெறும் வயிற்றில் வந்தால் கவனிக்க வேண்டியது. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் வந்தால் அதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

உடம்பு ஏன் சர்க்கரையை இவ்வளவு குறுகிய எல்லைக்குள் வைத்திருக்கிறது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரியவர் ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. சர்க்கரை அளவு 100 என்றால், அந்த ரத்தம் முழுவதிலும் கரைந்திருக்கும் குளுக்கோஸ் மொத்தமே 5 கிராம்தான். ஒரு டீஸ்பூன். ஒரு வேளைச் சாப்பாட்டில் இதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் மாவுச்சத்து உள்ளே போகிறது. அத்தனையும் ரத்தத்தில் தங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது கணையம் சுரக்கும் இன்சுலினின் வேலை. தசைகளும் கொழுப்புத் திசுவும் குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ள அது வழி செய்கிறது. கல்லீரலிடம், ‘இப்போது வெளியே விடாதே, சேமித்து வை’ என்று சொல்வதும் அதுதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மூளைக்கு மட்டும் ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும், நாம் தூங்கும்போதும் வேண்டும். இரவு எட்டுக்குச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் காலை எட்டு வரை ஒன்றுமே சாப்பிடாதவருக்கும் அளவு 85, 90 என்று நிற்பதற்குக் காரணம் கல்லீரல். சேமிப்பிலிருந்து எடுத்தும், புதிதாகத் தயாரித்தும் இரவு முழுக்க ரத்தத்துக்குக் குளுக்கோஸ் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. குளுக்ககான் போன்ற ஹார்மோன்கள் அதைத் தூண்டுகின்றன. ஆக, வெறும் வயிற்றில் எடுக்கும் எண் முந்தைய இரவு என்ன சாப்பிட்டீர்கள் என்பதைவிட, உங்கள் கல்லீரலும் இன்சுலினும் ராத்திரியில் எப்படி ஒத்துப்போயின என்பதையே அதிகம் காட்டுகிறது.

99 என்றால் நார்மல், 100 என்றால் முன்நிலை. ஒரே ஒரு எண்ணில் என்ன மாறிவிடும்?

எதுவும் மாறாது. சர்க்கரையால் வரும் ஆபத்து ஒரு குறிப்பிட்ட எண்ணில் திடீரென்று தொடங்குவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது. எங்காவது ஒரு கோடு போட்டாக வேண்டும் என்பதால் மருத்துவ அமைப்புகள் போட்டிருக்கின்றன. அந்தக் கோடுகள் இடம் மாறியும் இருக்கின்றன. வெறும் வயிற்றில் 140 இருந்தால்தான் சர்க்கரை நோய் என்று ஒரு காலத்தில் வைத்திருந்தார்கள். அமெரிக்க நீரிழிவு சங்கம் 1997-இல் அதை 126-ஆகக் குறைத்தது. அதைச் சுற்றியுள்ள அளவுகளில்தான் விழித்திரைப் பாதிப்பு தெளிவாகக் கூடத் தொடங்குகிறது என்பது முக்கியமான காரணம். முன்நிலை 110-இல் தொடங்குகிறது என்று இருந்ததை 2003-இல் அதே சங்கம் 100-க்கு இறக்கியது. உலக சுகாதார நிறுவனம் இறக்கவில்லை, 110-லேயே நின்றுவிட்டது. வெறும் வயிற்றில் 105 உள்ள ஒருவர் ஒரு கணக்கில் முன்நிலையில் இருக்கிறார், இன்னொரு கணக்கில் இல்லை. ஆள் அதே ஆள்தான்.

போதாக்குறைக்கு, ஒரே ஆளிடம் அடுத்தடுத்த நாட்களில் ஒரே பரிசோதனைக்கூடத்தில் எடுத்தாலும் ஐந்தாறு எண் மேலே கீழே போகும். ஆகவே 98 வந்துவிட்டது என்று கொண்டாடுவதும் 102 வந்துவிட்டது என்று தூக்கத்தைத் தொலைப்பதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். மூன்று வருடத்துக்கு முன் 84, அப்புறம் 91, இப்போது 98 என்றால், மூன்றுமே ‘நார்மல்’ என்றாலும் போகும் திசை கவனிக்க வேண்டியது. பழைய முடிவுகளைத் தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

ஒரே ஒரு தடவை 130 வந்தது. சர்க்கரை நோய்தானா?

ஒரு தடவை வந்ததை வைத்து முடிவு கட்டக் கூடாது. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு எல்லையைத் தாண்டிய முடிவு இரண்டு வேண்டும். அதே பரிசோதனையை இன்னொரு நாள் செய்து பார்க்கலாம். அல்லது ஒரே நாளில் வெறும் வயிற்று அளவும் எச்பிஏ1சி-யும் இரண்டுமே எல்லையைத் தாண்டியிருந்தால் அதுவே போதும். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத எடை இழப்பு என்று அறிகுறிகள் தெளிவாக இருந்து, எந்த நேரத்தில் எடுத்தாலும் 200-ஐத் தாண்டினால் மட்டும் இரண்டாவது பரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

மறுபடி எடுப்பதற்கு முன் யோசித்துப் பாருங்கள். அந்தச் சமயத்தில் காய்ச்சலோ வேறு தொற்றோ இருந்ததா? ஸ்டீராய்டு மாத்திரை அல்லது ஊசி போட்டிருந்தீர்களா? மூட்டுவலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியும் சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றும். அறுவை சிகிச்சை, விபத்து, சரியான தூக்கமில்லாத இரவு, மன அழுத்தம் எல்லாமே கார்ட்டிசால், அட்ரினலின் என்ற ஹார்மோன்கள் வழியாகக் கல்லீரலைத் தூண்டிவிடும். உடம்பு சீராக இருக்கும்போது எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. அதற்காக, ‘அன்றைக்கு டென்ஷன், அதனால்தான்’ என்று சொல்லி மறு பரிசோதனையை வருடக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது.

வெறும் வயிறு என்றால் எத்தனை மணி நேரம்? தண்ணீர், காபி, மாத்திரை?

குறைந்தது 8 மணி நேரம். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். காபி, டீ சர்க்கரை போடாததாக இருந்தாலும் வேண்டாம். சிகரெட்டும் வேண்டாம். பரிசோதனைக்கு முன் உடற்பயிற்சியும் வேண்டாம். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அன்று காலை என்ன செய்ய வேண்டும் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மருந்தைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வரிசையில் காத்திருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம்.

சாப்பிட்ட பின் 2 மணி நேரம் என்பதை எப்போதிலிருந்து எண்ணுவது?

முதல் வாய் சாப்பிட்ட நேரத்திலிருந்து. கை கழுவிய நேரத்திலிருந்து எண்ணுபவர்கள் நிறையப் பேர். நிதானமாகச் சாப்பிடுபவருக்கு இதிலேயே அரை மணி நேரம் போய்விடும், எண்ணும் அதற்கேற்ப மாறும்.

இன்னொரு குழப்பம் இங்கே உண்டு. 140, 200 என்ற எல்லைகள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனைக்கு வகுத்தவை. வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போய் எடுப்பது வேறு. ஒருவர் வயிறு முட்டச் சாப்பிடுவார், இன்னொருவர் பரிசோதனைக்குப் பயந்து பாதி சாப்பிடுவார். இரண்டையும் ஒரே அளவுகோலில் வைக்க முடியாது. சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்கச் சாப்பாட்டுக்குப் பிந்தைய எண் உதவும், நோய் இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்யக் குளுக்கோஸ் பரிசோதனைதான் சரி. அதற்கு முந்தைய மூன்று நாட்களும் வழக்கம்போல, அதாவது தினம் 150 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து சேர்த்துச் சாப்பிட வேண்டும். மாவுச்சத்தை அறவே விட்டவர் திடீரென்று 75 கிராம் குளுக்கோஸ் குடித்தால், நோய் இல்லாமலேயே எண் ஏறிக் காட்டலாம். குடித்த பிறகு அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் நடந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினால் முடிவு கீழே போய்விடும்.

இந்தப் பரிசோதனையில் ஒரு மணி நேர அளவையும் பார்க்கும் வழக்கம் இப்போது வருகிறது. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2024-இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், ஒரு மணி நேரத்தில் 155 அல்லது அதற்கு மேல் இருந்தால் முன்நிலை என்றும், 209 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய் என்றும் சொல்லியிருக்கிறது.

ராத்திரி 110 இருந்தது, காலையில் ஒன்றும் சாப்பிடாமலேயே 140. எப்படி?

சர்க்கரை நோய் உள்ளவர்களை அதிகம் குழப்பும் விஷயம் இது. குடும்பத்தில் ‘ராத்திரி எழுந்து என்ன சாப்பிட்டாய்?’ என்ற விசாரணைவரை போய்விடும். பாவம், அவர் எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டார்.

அதிகாலை 3 மணியிலிருந்து உடம்பு விழிப்புக்குத் தயாராகிறது. வளர்ச்சி ஹார்மோன், கார்ட்டிசால் போன்றவற்றின் தாக்கத்தில் கல்லீரல் கூடுதலாகக் குளுக்கோஸை வெளியே விடுகிறது. இது எல்லோருக்கும் நடப்பதுதான். கணையம் நன்றாக வேலை செய்பவருக்கு உடனே கொஞ்சம் இன்சுலின் கூடுதலாகச் சுரந்து சமன் செய்துவிடும், வெளியே தெரியாது. இன்சுலின் போதாதவருக்கும், இருக்கும் இன்சுலினுக்கு உடம்பு சரியாகக் கட்டுப்படாதவருக்கும் எண் ஏறி நிற்கும். மருத்துவத்தில் இதை விடியல் நிகழ்வு என்கிறார்கள்.

இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கினால் சரியாகிவிடும் என்று பலர் முயல்கிறார்கள். கொஞ்சம் உதவலாம், ஆனால் மூல காரணம் வயிற்றில் இல்லை, கல்லீரலில் இருக்கிறது. சில நாட்கள் தூங்கப் போகும்போதும், இரவு 3 மணி வாக்கிலும், காலையிலும் அளவைக் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தின் நேரத்தையோ அளவையோ மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். இன்சுலின் போடுபவருக்கு 3 மணி அளவு தாழ்ந்திருந்தால் அது வேறு பிரச்சினை. அப்போது இன்சுலினைக் கூட்டுவது ஆபத்து.

வெறும் வயிற்றில் 96, சாப்பிட்ட பின் 88. பரிசோதனை தவறா?

இல்லை, இது அடிக்கடி நடப்பதுதான். ஆரோக்கியமானவருக்குச் சாப்பிட்ட அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் சர்க்கரை உச்சம் தொட்டு, 2 மணி நேரத்தில் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். சில சமயம் இன்சுலின் ஒரு கை அதிகமாகவே சுரந்து, தொடங்கிய இடத்துக்கும் கீழே இறங்கும். குறைவாகச் சாப்பிட்டிருந்தாலும், நடந்து பரிசோதனைக்கு வந்திருந்தாலும் இப்படி வரும்.

எச்பிஏ1சி என்பது என்ன? மூன்று மாதச் சராசரி என்கிறார்களே?

ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் குளுக்கோஸ் தானாகவே ஒட்டிக்கொள்ளும். ரத்தத்தில் சர்க்கரை அதிகம் இருந்தால் அதிகம் ஒட்டும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாட்கள் என்பதால், எத்தனை சதவீத ஹீமோகுளோபினில் குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாத நிலவரம் தெரியும். மூன்று மாதமும் சம பங்கு இல்லை, கடைசி ஒரு மாதத்துக்குத்தான் பாதிக்குப் பாதி கனம். வெறும் வயிற்றில் இருக்க வேண்டிய அவசியமும் இதற்கு இல்லை.

சராசரியாக மாற்றிச் சொன்னால் 5 சதவீதம் என்பது 97, 6 என்பது 126, 7 என்பது 154, 8 என்பது 183, 9 என்பது 212. அதாவது ஒரு சதவீதம் கூடினால் சராசரியில் 29 அளவுக்குக் கூடுகிறது.

ஆனால் இந்தப் பரிசோதனை சிவப்பணுவை நம்பி நிற்கிறது. சிவப்பணுவில் கோளாறு என்றால் எண்ணும் கோளாறு. இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய்களிலும், அண்மையில் ரத்தம் நிறைய வெளியேறியிருந்தாலும், கர்ப்பத்திலும் குறைவாகக் காட்டலாம். தலசீமியா, அரிவாள் அணு நோய் போன்ற பரம்பரைக் கோளாறுகளும், முற்றிய சிறுநீரக நோயும், ரத்தம் ஏற்றிக்கொண்டதும் முடிவைக் குழப்பும். ரத்தசோகை உள்ளவருக்கு 6.1 வந்தால், உடனே முன்நிலை என்று முத்திரை குத்தாமல் வெறும் வயிற்று அளவையும் சேர்த்துப் பார்ப்பதுதான் நியாயம்.

இன்னொரு குறை, சராசரி ஏற்ற இறக்கத்தை மறைத்துவிடும். நாள் முழுக்க 150-ஐ ஒட்டி இருப்பவருக்கும், 60-க்கும் 250-க்கும் நடுவில் ஊசலாடுபவருக்கும் எச்பிஏ1சி ஒன்றாகவே வரலாம்.

வீட்டுக் குளுக்கோமீட்டரில் 118, லேபில் 107. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம், இந்த வித்தியாசம் மீட்டருக்கு அனுமதித்த எல்லைக்குள்தான் இருக்கிறது. மீட்டர்களுக்கான சர்வதேசத் தரநிலை (ஐஎஸ்ஓ 15197, 2013 பதிப்பு) கேட்பது இவ்வளவுதான்: லேப் அளவு 100-க்குக் கீழ் என்றால் 15 எண் கூடவோ குறையவோ இருக்கலாம், 100-உம் அதற்கு மேலும் என்றால் 15 சதவீதம். அதுவும் நூற்றுக்கு 95 முடிவுகள் இந்த எல்லைக்குள் வந்தால் போதும். நல்ல மீட்டரிலேயே ஒரே நிமிடத்தில் இரண்டு விரலில் எடுத்தால் இரண்டு எண் வரும். மூன்றாவது விரலையும் குத்திச் சராசரி பார்ப்பதில் அர்த்தமில்லை.

வித்தியாசத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. சாப்பிட்ட பிறகு விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். ரத்தக்குழாய் வழியே திரும்பி வரும் ரத்தத்திலிருந்து திசுக்கள் ஏற்கெனவே தம் பங்கை எடுத்துக்கொண்டிருக்கும். லேப் பக்கமும் தவறு நேரலாம். குழாயில் எடுத்த ரத்தத்தில் அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, அவை குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் அப்படியே வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். ஃபுளோரைடு சேர்த்த தனிக் குழாயில் எடுப்பது இதற்காகத்தான், அதுவும்கூட முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முழுப் பாதுகாப்பு தராது.

வீட்டில் நாம் செய்யும் தவறுகளில் முதலிடம் கைக்கு. பழத்தை உரித்த கையோடு விரலைக் குத்தினால் மீட்டர் பழத்தின் சர்க்கரையையும் சேர்த்து அளக்கும். ஸ்பிரிட் தடவினாலும் அது முழுதாகப் போகாது. சோப்பு போட்டுக் கழுவி நன்றாகத் துடையுங்கள். ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்துப்போய் எண் குறையும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்தே வைப்பது, காலாவதியான ஸ்ட்ரிப், விரலை அழுத்திப் பிழிவது எல்லாம் அடுத்த வரிசை. ரத்தசோகை இருந்தால் பல மீட்டர்கள் கூடுதலாகக் காட்டும்.

மீட்டர் தினசரிக் கவனிப்புக்கு நல்ல கருவி. நோய் இருக்கிறதா என்பதை அதை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது.

என் மீட்டரில் 5.8 என்று காட்டுகிறது. பயப்பட வேண்டுமா?

அது வேறு அலகு, லிட்டருக்கு மில்லிமோல். 18-ஆல் பெருக்கினால் நமக்குப் பழக்கமான எண் வரும். 5.8 என்பது ஏறக்குறைய 104. அதே கணக்கில் 5.6 என்பது 100, 7.0 என்பது 126, 7.8 என்பது 140, 11.1 என்பது 200. எச்பிஏ1சி-யின் 5.8 சதவீதத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்தக் குழப்பம் நிறையவே நடக்கிறது.

சர்க்கரை நோய் உள்ளவரும் 99-க்குக் கீழே கொண்டுவர வேண்டுமா?

வேண்டாம். பெரும்பாலான பெரியவர்களுக்கு அமெரிக்க நீரிழிவு சங்கம் சொல்லும் இலக்கு, சாப்பாட்டுக்கு முன் 80–130, சாப்பிடத் தொடங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் 180-க்குக் கீழ், எச்பிஏ1சி 7-க்குக் கீழ். நோயில்லாதவரின் எண்ணோடு ஒப்பிட்டுத் தினமும் மனம் நொந்துகொள்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கட்டுப்பாடு கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் காப்பாற்றும் என்பதை முதல் வகை (கணையம் இன்சுலின் சுரப்பதே ஏறக்குறைய நின்றுபோகும் வகை) நோயாளிகளிடம் நடந்த டிசிசிடி ஆய்வு 1993-இல் தெளிவாகக் காட்டியது. ஆனால் எவ்வளவு இறக்குகிறோமோ அவ்வளவு நல்லது என்று அர்த்தமில்லை. இரண்டாம் வகை (இன்சுலினுக்கு உடம்பு சரியாகக் கட்டுப்படாத வகை) நோயும் இதய நோய் ஆபத்தும் உள்ளவர்களிடம் எச்பிஏ1சி-யை 6-க்குக் கீழே கொண்டுவர முயன்ற அக்கார்ட் ஆய்வில், தீவிர சிகிச்சை பெற்ற பிரிவில் இறப்புகள் கூடியதால் 2008-இல் அந்தப் பிரிவையே நிறுத்தினார்கள். வயதானவர், பல நோய்கள் உள்ளவர், சர்க்கரை அடிக்கடி தாழ்பவர் ஆகியோருக்கு 8-க்குக் கீழ் என்ற தளர்வான இலக்கே பாதுகாப்பு.

வயதுவாரியான அட்டவணை ஒன்று சுற்றுகிறதே, 60 வயதுக்கு மேல் 130 நார்மல் என்று?

நோயைக் கண்டறியும் எல்லைகளில் அப்படி ஒரு வயதுக் கணக்கு இல்லை. 25 வயதிலும் 75 வயதிலும் 126 என்றால் 126தான். சிகிச்சையின் இலக்குதான் வயதைப் பொறுத்துத் தளர்கிறது, அதையும் இதையும் சேர்த்துக் குழப்பித்தான் அந்த அட்டவணைகள் உருவாகின்றன. குழந்தைகளுக்கும் அதே எல்லைகள், குடிக்கும் குளுக்கோஸ் மட்டும் எடைக்குத் தகுந்தபடி, கிலோவுக்கு 1.75 கிராம். பிறந்த குழந்தை விதிவிலக்கு. முதல் சில மணி நேரங்களில் அதன் சர்க்கரை பெரியவர்களைவிடத் தாழ்வது இயல்பு.

கர்ப்ப காலத்தில்?

இங்கே எண்கள் இறுக்கமானவை. 24 முதல் 28 வாரங்களுக்குள் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துப் பார்க்கும்போது, வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 என்ற மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்று பல இடங்களில் கொள்கிறார்கள். வேறு முறைகளும் வழக்கத்தில் உள்ளன, உங்கள் மருத்துவர் எதைப் பின்பற்றுகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிகிச்சையின் இலக்கு வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், ஒரு மணி நேரத்தில் 140-க்குக் கீழ் அல்லது இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழ். வெறும் வயிற்றில் 94 என்பதை ‘நூறுக்குள்தானே’ என்று விட்டுவிடக் கூடாத ஒரே காலம் இதுதான்.

எவ்வளவு குறைந்தால் ஆபத்து?

மருந்து எடுப்பவருக்கு 70-க்குக் கீழ் என்றால் எச்சரிக்கை, 54-க்குக் கீழ் என்றால் அவசரம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி முதலில் வரும். இன்னும் இறங்கினால் பேச்சுக் குழறல், குழப்பம், மயக்கம், வலிப்பு. உடனே 15 கிராம் வேகமாகச் செரிக்கும் சர்க்கரை கொடுங்கள்: குளுக்கோஸ் பொடியோ, மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீரோ, அரை டம்ளர் பழச்சாறோ. 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். 70-ஐத் தாண்டவில்லை என்றால் இன்னொரு முறை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மருத்துவ உதவியைக் கூப்பிடுங்கள்.

நோயும் மருந்தும் இல்லாத ஒருவருக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் 66 வந்தால் அது பெரும்பாலும் ஒன்றுமில்லை. அறிகுறி இருக்க வேண்டும், அந்த நேரத்தில் லேப் அளவு தாழ்ந்திருக்க வேண்டும், சர்க்கரை கொடுத்ததும் சரியாக வேண்டும். மூன்றும் சேர்ந்து வந்தால்தான் காரணம் தேட வேண்டும்.

ரத்தக் கொதிப்புக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும், வியர்வை மட்டும் தெரியும். வெறும் வயிற்றில் மது குடித்தால் கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிப்பது நின்றுபோய், பல மணி நேரம் கழித்துக்கூட சர்க்கரை தாழலாம்.

எவ்வளவு ஏறினால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

எண்ணோடு அறிகுறியையும் பாருங்கள். நல்ல நிலையில் இருப்பவருக்கு ஒருமுறை 260 வந்தால் தண்ணீர் குடித்து, மருந்து தவறியதா என்று பார்த்து, மறுபடி அளந்து, மருத்துவரிடம் பேசலாம். 250-க்கு மேல் இருந்து, கூடவே வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்து வேகமான மூச்சு, மூச்சில் பழ வாசனை என்று வந்தால் கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலப் பொருள்) சேர்கிறது என்று அர்த்தம், தாமதிக்கக் கூடாது. டாபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் போன்ற, சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை எடுப்பவர்களுக்கு எண் அவ்வளவு ஏறாமலேயே இந்த நிலை வரலாம், எனவே அவர்கள் அறிகுறி வந்தாலே கிளம்பிவிட வேண்டும். வயதானவர்களுக்கு 600-ஐத் தாண்டி, உடல் நீர் வற்றி, குழப்பமும் தூக்கக் கலக்கமும் வருவதும் உயிருக்கே ஆபத்தான நிலை.

சிறுநீரில் சர்க்கரை இல்லை. அப்படியானால் ரத்தத்திலும் சரிதானே?

இல்லை. ரத்தத்தில் சுமார் 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரகம் சர்க்கரையை வெளியே விடத் தொடங்கும். 160 இருப்பவரின் சிறுநீர் சுத்தமாக இருக்கும். மேலே சொன்ன டாபாகிளிஃப்லோசின் போன்ற மாத்திரைகளை எடுப்பவருக்கோ ரத்தத்தில் 110 இருந்தாலும் சிறுநீரில் சர்க்கரை கொட்டும், அந்த மருந்தின் வேலையே அதுதான்.

கையில் ஒட்டும் சென்சார் வாங்கினேன். எனக்குச் சர்க்கரை இல்லை, ஆனால் சாப்பிட்டதும் 150 காட்டுகிறது!

ஆரோக்கியமானவர்களுக்கும் நாளில் சிறிது நேரம் 140-ஐத் தாண்டுவது சகஜம். சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கு அடியில் உள்ள திசுநீரை அளக்கிறது. ரத்தத்துக்கு 5 முதல் 15 நிமிடம் பின்தங்கியே காட்டும். தூக்கத்தில் அந்தக் கையின் மேல் படுத்தால் 60 என்று பொய்யாகக் காட்டி எழுப்பிவிடும். இன்சுலின் போடுபவருக்கு இது வரப்பிரசாதம். அவர்களில் பெரும்பாலோர் நாளின் 70 சதவீத நேரத்துக்கு மேல் 70–180 எல்லைக்குள் இருக்கப் பார்க்கிறார்கள். நோயே இல்லாதவர் ஒவ்வொரு மேட்டுக்கும் பயந்து ஒவ்வோர் உணவாக விலக்கிக்கொண்டே போவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

முன்நிலை என்று வந்துவிட்டது. திரும்ப முடியுமா?

பலரால் முடிகிறது. அமெரிக்காவில் நடந்து 2002-இல் வெளியான நீரிழிவுத் தடுப்புத் திட்ட ஆய்வில், உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை போன்ற பயிற்சி என்ற இலக்கோடு இருந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்கு 31 சதவீதம். 80 கிலோ எடை உள்ளவருக்கு 7 சதவீதம் என்பது ஐந்தரை கிலோ சொச்சம். எட்டாத எண் இல்லை. சாப்பிட்டவுடன் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதும் நேரடியாக உதவும், ஏனென்றால் வேலை செய்யும் தசை இன்சுலின் அவ்வளவாக இல்லாமலேயே குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் பரிந்துரைப்படி 35 வயதில் தொடங்கி, முடிவு நார்மல் என்றால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும். அதிக எடையோடு, பெற்றோர் அல்லது உடன்பிறந்தவருக்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை போன்றவற்றில் ஒன்றாவது இருந்தால் வயது பார்க்காமல் முன்பே தொடங்கலாம். முன்நிலையில் இருப்பவர் வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும். கர்ப்பகாலச் சர்க்கரை வந்து போனவர் பிரசவம் ஆன 4 முதல் 12 வாரத்துக்குள் குளுக்கோஸ் குடித்து ஒருமுறை பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். கைக்குழந்தையோடு இருக்கும்போது இந்தப் பரிசோதனைதான் முதலில் மறந்துபோகிறது, வீட்டில் இருப்பவர்கள் யாராவது தேதியைக் குறித்துவைத்து நினைவுபடுத்துங்கள்.